செவ்வாய்ப் படத்தில் உயிர் தெரிகிறது என்கிறார்களா? நீங்களே சோதித்துப் பார்க்கும் வழி

செம்மண் தரை, சிதறிக் கிடக்கும் கற்கள், நடுவில் ஒரு சிவப்பு வட்டம், அதற்குள் எலி மாதிரியோ எலும்பு மாதிரியோ ஏதோ ஒன்று. மேலே பெரிய எழுத்தில் "நாசா மறைத்த படம்". உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் இது ஒரு முறையாவது வந்திருக்கும். எனக்கு நிறையவே வரும், ஏனென்றால் செவ்வாய்ப் படங்களை விடாமல் பார்க்கிறவன் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் "இது உண்மையா பாரு" என்று அனுப்பிவிடுவார்கள். அனுப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. பூமிக்கு வெளியே உயிர் இருக்கிறதா என்பதைவிடப் பெரிய கேள்வி எனக்குத் தெரிந்து கிடையாது, அதைப் பற்றி ஆசைப்படுவது நல்ல ஆசை. ஆனால் அந்த ஆசையெல்லாம் எலிப் படத்திலேயே செலவாகிவிட்டால், உண்மையான செய்தி வரும் நாளில் கவனிக்க ஆள் இருக்காது. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

2014இல் செவ்வாய்த் தரையில் தொடை எலும்பு கிடக்கிறது என்று ஒரு படம் வந்தபோது எனக்கு எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை. இப்போது ஒரு வரிசை கைவந்திருக்கிறது. கணினி, இணையம், ஒரு கால்குலேட்டர் இருந்தால் போதும். வானியல் படித்திருக்க வேண்டாம்.

1. முதலில் மூலப் படத்தைப் பிடியுங்கள்

கைமாறி வந்த படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அது வெட்டப்பட்டிருக்கும், பெரிதாக்கப்பட்டிருக்கும், நிறம் மாற்றப்பட்டிருக்கும். இப்போது இயந்திரமே வரைந்த போலிப் படங்களும் சேர்ந்துவிட்டன.

எந்த ரோவர், அதாவது செவ்வாய்த் தரையில் ஓடும் எந்த ஆய்வு வண்டி எடுத்தது என்று முதலில் பாருங்கள். ஸ்பிரிட், ஆப்பர்ச்சுனிட்டி இரண்டும் 2004 ஜனவரியில் இறங்கியவை. கியூரியாசிட்டி 2012 ஆகஸ்டில் கேல் பள்ளத்தில் இறங்கியது. பெர்செவரன்ஸ் 2021 பிப்ரவரி 18 அன்று ஜெசீரோ பள்ளத்தில் இறங்கியது. பரவும் படங்களில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்று எடுத்ததாகவே இருக்கும்.

இந்த ரோவர்களின் படங்களை நாசா தன் தளத்தில் மூல வடிவத்திலேயே போட்டுவிடுகிறது. நாள்வாரியாக, கேமராவாரியாக நீங்களே தேடி எடுக்கலாம். நாள் என்றால் செவ்வாய் நாள், அதற்கு சோல் என்று பெயர், 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. ரோவர் இறங்கியதிலிருந்து சோல் எண்ணிக்கை தொடங்கும். கியூரியாசிட்டியின் மாஸ்ட்கேம், அதாவது அதன் கம்பத்தின் மேல் இரண்டு கண் போல இருக்கும் இரட்டைக் கேமரா எடுத்த படம் என்றால் கோப்பின் பெயரிலேயே பாதி விவரம் கிடைத்துவிடும்: முதல் நான்கு இலக்கம் சோல், அடுத்த இரண்டு எழுத்து எம்.எல். என்றால் இடது கண், எம்.ஆர். என்றால் வலது கண். அந்தத் தொடை எலும்பு 719ஆம் சோல், வலது கண், அதாவது 2014 ஆகஸ்ட் 14. "மறைத்த படம்" என்று சுற்றி வந்ததை நான் நாசாவின் தளத்தில்தான் இறக்கிக்கொண்டேன்.

சோலும் கேமராவும் சொல்லாமல் ஒருவர் படம் போட்டால் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் போதும், உண்மையாகத் தேடிக் கண்டுபிடித்தவராக இருந்தால் சந்தோஷமாகச் சொல்வார். பதில் இல்லை, படத்தை வைத்துத் தேடினாலும் மூலம் கிடைக்கவில்லை என்றால், அந்தப் படத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். மேற்கொண்டு நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

2. பெரிதாக்கினால் விவரம் கூடாது

மூலப் படம் கிடைத்ததும் சிவப்பு வட்டம் போட்ட இடத்தைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அது படத்தின் மூலையில் இருபது முப்பது பிக்சல் அளவில் கிடக்கும். அதை எட்டு மடங்கு இழுத்துப் பெரிதாக்கியிருப்பார்கள். இழுக்கும்போது இல்லாத பிக்சல்களை மென்பொருள் தானாக நிரப்பிக்கொள்கிறது, ஓரங்கள் வழவழவென்று ஆகின்றன, கல்லின் நிழல் கண்ணாகத் தெரிகிறது. இன்னொன்றும் இருக்கிறது. ஜேபெக் முறையில் படத்தைச் சுருக்கும்போது அதை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குவார்கள். அந்தக் கட்டங்களின் ஓரம் பெரிதாக்கிய படத்தில் நேர்கோடாகவும் சதுரமாகவும் தெரியும். "கட்டடம்", "ஜன்னல்" என்று சொல்லப்படுவதில் பல இந்தக் கட்டங்கள்தான்.

இதற்குப் பழைய உதாரணம் ரோவர்களுக்கெல்லாம் முந்தையது. 1976 ஜூலை 25 அன்று வைக்கிங் 1 சுற்றுகலம் சைடோனியா பகுதியில் ஒரு மேட்டைப் படம் எடுத்தது. வெயில் பக்கவாட்டில் விழுந்ததால் அச்சு அசல் மனித முகம். அந்தப் படத்தில் மூக்குத் துவாரம் போல ஒரு கரும்புள்ளி இருக்கும், அது பூமிக்கு வரும் வழியில் தரவு விட்டுப்போன இடம், தரையில் அங்கே ஒன்றும் கிடையாது. 1998இலும் 2001இலும் மார்ஸ் குளோபல் சர்வேயர் என்ற சுற்றுகலம் பலமடங்கு தெளிவாக எடுத்தபோது முகம் போய்விட்டது, அரித்துப்போன மேடு மட்டும் இருந்தது. தெளிவு கூடக்கூட உருவம் கலைந்தால் அது உருவமே இல்லை. இந்த ஒரு விதியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதிப் படங்கள் கழிந்துவிடும்.

3. அளவைக் கணக்குப் போடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான், பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான். செவ்வாய்ப் படத்தில் அளவு தெரிய நமக்குப் பழகிய மரமோ வீடோ ஆளோ கிடையாது. அதனால் நம் கண் தானாக ஓர் அளவை வைத்துக்கொள்ளும், அது பெரும்பாலும் பத்து மடங்கு தப்பாக இருக்கும்.

ஒவ்வொரு கேமராவிலும் ஒரு பிக்சல் எவ்வளவு கோணத்தைப் பார்க்கிறது என்பது தெரிந்த எண். மில்லிரேடியன் என்ற அலகில் சொல்வார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்: 1 மீட்டர் தூரத்தில் 1 மில்லிமீட்டர் பொருள் காட்டும் கோணம்தான் 1 மில்லிரேடியன். அப்படியானால் பிக்சல் எண்ணிக்கை, ஒரு பிக்சலின் கோணம், மீட்டரில் தூரம் இந்த மூன்றையும் பெருக்கினால் பொருளின் அளவு மில்லிமீட்டரில் வந்துவிடும். அவ்வளவுதான் கணக்கு.

கியூரியாசிட்டியின் மாஸ்ட்கேம் வலது கண்ணுக்கு 0.074, இடது கண்ணுக்கு 0.22, வழி பார்க்கும் நேவ்கேமுக்கு 0.82. ஸ்பிரிட், ஆப்பர்ச்சுனிட்டியின் பேன்கேமுக்கு 0.28. முழு அளவுப் படத்துக்குத்தான் இந்த எண்கள் பொருந்தும், சிறிதாக்கிய முன்னோட்டப் படத்தில் எண்ணினால் கணக்கு தப்பிவிடும்.

தூரம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தரை ஓரளவு சமமாக இருந்தால், அடிவானத்திலிருந்து பொருளின் அடி எத்தனை பிக்சல் கீழே இருக்கிறது என்று எண்ணுங்கள். கியூரியாசிட்டியின் கேமரா தரையிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நேவ்கேம் படத்தில் பொருள் 400 பிக்சல் கீழே இருக்கிறது என்று வையுங்கள். 400ஐ 0.82ஆல் பெருக்கினால் 328 மில்லிரேடியன். 2000 மில்லிமீட்டரை 328ஆல் வகுத்தால் 6, அதாவது சுமார் 6 மீட்டர் தூரம். அந்தப் பொருள் 10 பிக்சல் உயரம் என்றால் 10, 0.82, 6 மூன்றையும் பெருக்குங்கள், 49 மில்லிமீட்டர். ஒரு விரல் நீளம்கூட இல்லை. சரிவான தரையில் இது சரிவராது, அப்போது பக்கத்தில் சக்கரத் தடம் இருக்கிறதா பாருங்கள், கியூரியாசிட்டியின் சக்கரம் 40 சென்டிமீட்டர் அகலம்.

இதை நிஜப் படத்தில் போட்டுப் பார்ப்போம். 2007 நவம்பரில் ஸ்பிரிட் எடுத்த ஓர் அகலப் படத்தின் ஓரத்தில், பாறையில் உட்கார்ந்து கையை நீட்டிய பெண் மாதிரி ஓர் உருவம். 2008 ஜனவரியில் உலகமெங்கும் பரவியது. தூரம் சுமார் 5 மீட்டர், உயரம் சுமார் 6 சென்டிமீட்டர். பேன்கேமில் அந்தத் தூரத்துக்கு ஒரு பிக்சல் 1.4 மில்லிமீட்டர், ஆக அந்தப் "பெண்" மொத்தமே 43 பிக்சல்தான். நிஜ ஆள் உயரத்தில் இருந்து அதே 43 பிக்சலில் தெரிய வேண்டுமென்றால் 140 மீட்டர் தள்ளி இருந்திருக்க வேண்டும், ஆனால் அதற்குப் பின்னாலேயே தரை தொடர்கிறது. இன்னொரு அழகான விஷயம்: பேன்கேம் வண்ணப் படத்தை ஒரே நொடியில் எடுக்காது. வடிகட்டிகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி எடுத்து, பிறகுதான் சேர்ப்பார்கள். அந்த உருவம் நடந்திருந்தால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் சிதறியிருக்கும். சிதறவில்லை. அசையாத கல்.

2022 மே 7 அன்று கியூரியாசிட்டி எடுத்த "கதவு" படமும் இதே கதை. பாறையைச் செதுக்கிய வாசல் போல, உள்ளே நடந்து போகலாம் என்று தோன்றும். நிஜ அளவு சுமார் 30 சென்டிமீட்டர் உயரம், 40 சென்டிமீட்டர் அகலம். விரிசல்கள் சந்தித்த இடத்தில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்திருக்கிறது.

4. இன்னொரு கண்ணால் பாருங்கள், இன்னொரு நாளும் பாருங்கள்

ரோவர்களுக்கு நம்மைப் போல இரண்டு கண். வலது கண் படத்தில் இருப்பது இடது கண் படத்திலும் இருக்க வேண்டும். 2014 ஏப்ரல் 3 அன்று கியூரியாசிட்டியின் நேவ்கேம் படத்தில் தொடுவானத்துக்குக் கீழிருந்து ஒளி எழும்புவது மாதிரி வெள்ளையாக ஒரு கீற்று வந்தது. நிலத்தடியில் யாரோ விளக்கு ஏற்றியிருக்கிறார்கள் என்று பேசினார்கள். வலது கண்ணில் மட்டும்தான் அது இருந்தது. ஒரு நொடிக்குள் எடுத்த இடது கண் படத்தில் இல்லை. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் ஒன்று கேமரா உணரியில் மோதினாலோ, பாறை ஒன்று வெயிலில் மின்னினாலோ, கேமரா பெட்டியின் துவாரம் வழியே வெளிச்சம் கசிந்தாலோ இப்படி ஆகும்.

பெர்செவரன்ஸ் 2021 ஏப்ரலில் எடுத்த "வானவில்" அதன் பின்பக்கக் கேமராவில் தெரிந்த லென்ஸ் ஒளிச்சிதறல். முன்பக்கக் கேமராக்களுக்கு வெயில் தடுப்பு உண்டு, பின்பக்கத்துக்கு இல்லை.

அடுத்தது நாள். அதே இடத்தை முந்தைய சோலிலும் அடுத்த சோலிலும் எடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். பெரும்பாலும் "எலி" அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆனால் ஒரு தடவை, நிஜமாகவே ஒன்று புதிதாக வந்து உட்கார்ந்தது. அந்தக் கதையைச் சொல்லாமல் நகர மனமில்லை.

ஆப்பர்ச்சுனிட்டி 3528ஆம் சோலில் எடுத்த படத்தில் வெறும் தரை. 12 சோல் கழித்து, 3540இல், அதே இடத்தில் ஓரம் வெள்ளையாக, நடுவில் அடர்சிவப்பாக ஒரு கல். ஜாம் வைத்த டோனட் மாதிரி இருந்தது. 2014 ஜனவரியில் இந்தப் படம் வந்ததும் அது வளர்கிற பூஞ்சை என்று ஒருவர் கலிஃபோர்னியாவில் நாசா மேல் வழக்கே போட்டார். அவர் சொன்னதில் ஒரு பாதி சரி, படத்தில் மாற்றம் உண்மை. ஆய்வாளர்களும் அதைத் தள்ளிவிடவில்லை. பினாக்கிள் ஐலண்ட் என்று பெயர் வைத்து, ரோவரின் கருவிகளைத் திருப்பி, நெருங்கிப் படம் எடுத்து, வேதியல் பார்த்தார்கள். கந்தகமும் மாங்கனீசும் அதிகம் இருந்தன. பிறகு ரோவர் கொஞ்சம் நகர்ந்து பின்னால் பார்த்தபோது, சரிவின் மேல்பக்கத்தில் அதே வெள்ளை ஓரத்துடன் உடைந்த தாய்க்கல் கிடந்தது. ரோவர் ஏறி உடைத்த கல், துண்டு உருண்டு கீழே வந்திருக்கிறது. சுமார் 4 சென்டிமீட்டர் அகலம். படத்தில் மாற்றம் இருந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும், தேடும்போது முதலில் நம் சக்கரத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

5. நாம் போட்ட குப்பையா?

செயற்கைப் பொருள் போலவே தெரிகிறது, கணக்குப் போட்டாலும் கல் என்று தோன்றவில்லை என்றால், அது செயற்கைப் பொருளாகவே இருக்கலாம், நம்முடையதாக. 2012 அக்டோபரில் கியூரியாசிட்டியின் அருகே பளபளவென்று கிடந்த துணுக்கு ரோவரிலிருந்தே விழுந்த பிளாஸ்டிக்காக இருக்கும் என்று முடிவுக்கு வந்தார்கள். 2022 ஜூனில் பெர்செவரன்ஸ் ஒரு பாறை இடுக்கில் புள்ளிபுள்ளியாக ஒரு தகடைப் பார்த்தது, தரையிறங்கும்போது பயன்பட்ட வெப்பக் காப்புப் போர்வையின் துண்டு. இறக்கிவிட்ட கலம் விழுந்தது அங்கிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி, காற்று அடித்துக் கொண்டுவந்ததா என்று அவர்களே யோசித்தார்கள்.

6. கல் எப்படி அந்த வடிவத்துக்கு வந்தது?

"இவ்வளவு ஒழுங்கான வடிவம் தானாக வருமா?" இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். வரும், எப்படி என்று தெரிந்துகொண்டால் எலியைவிட அது சுவாரசியம்.

ஆப்பர்ச்சுனிட்டி இறங்கிய மெரிடியானி சமவெளியில் தரையெங்கும் சில மில்லிமீட்டர் அளவில் உருண்டைகள். விஞ்ஞானிகள் அவற்றைச் செல்லமாக புளூபெர்ரி என்றார்கள். சிலர் காளான் என்றார்கள், இன்னும் சொல்கிறார்கள். ஆனால் அந்த உருண்டைகள் தரையில் மட்டும் இல்லை, கடினமான பாறைக்குள்ளும் பதிந்திருக்கின்றன. உருண்டைகள் குவிந்த ஓர் இடத்தையும் பக்கத்தில் உருண்டை இல்லாத பாறையையும் கருவியால் தனித்தனியாக அளந்து ஒப்பிட்டார்கள், உருண்டைகள் ஹேமடைட், அதாவது இரும்பு ஆக்சைடு. பாறை இடுக்குகளில் நீர் ஊறியபோது இரும்பு சிறிது சிறிதாகச் சேர்ந்து உருண்டையாகிறது, பிறகு மென்மையான பாறை காற்றில் அரித்துப்போக, கடினமான உருண்டை மட்டும் உதிர்ந்து கிடக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இதே முறையில் உண்டான உருண்டைகளைக் கையிலேயே எடுத்துப் பார்க்கலாம்.

2022 பிப்ரவரியில் கியூரியாசிட்டி எடுத்த "பூ" சுமார் 1 சென்டிமீட்டர். 2025 ஜூலையில் எடுத்த "பவளம்" சுமார் 2.5 சென்டிமீட்டர். இரண்டும் இதே வேலைதான்: விரிசலில் நீர் கொண்டுவந்த கனிமம் இறுகுகிறது, சுற்றியுள்ள பாறையைக் காற்று யுகக்கணக்கில் தேய்க்கிறது, இறுகியது மட்டும் கிளைகிளையாக நிற்கிறது. பவளம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள், அங்கே ஒரு காலத்தில் தண்ணீர் ஓடியது என்ற நிஜச் செய்தியைத் தவறவிடுகிறார்கள்.

7. யார் சொல்கிறார் என்பதைவிட எதை வைத்துச் சொல்கிறார்

2019 நவம்பரில் ஓஹியோ பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பூச்சியியல் பேராசிரியர் ஒருவர், செவ்வாய்ப் படங்களில் பூச்சிகள் தெரிவதாக ஒரு மாநாட்டில் அறிவித்தார். பூச்சியில் அவருக்கு நிஜமான அனுபவம் உண்டு. ஆனால் அவர் கையில் இருந்தது படங்கள் மட்டும். வாழ்நாளெல்லாம் பூச்சி பார்த்த கண் கல்லிலும் பூச்சியைத்தான் முதலில் பார்க்கும், நம் எல்லார் கண்ணும் அப்படித்தான். மற்ற பூச்சியியலாளர்கள் ஏற்கவில்லை, பல்கலைக்கழகமும் தன் செய்திக் குறிப்பை எடுத்துவிட்டது. பட்டத்தைப் பார்க்காதீர்கள், வடிவத்தைத் தவிர வேறு சாட்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

8. நிஜத் தடயம் எப்படி இருக்கும் என்று பழகுங்கள்

2024 ஜூலையில் பெர்செவரன்ஸ், ஜெசீரோ பள்ளத்துக்கு ஒரு காலத்தில் ஆறு ஓடி வந்த நெரெட்வா பள்ளத்தாக்கில் ஒரு பாறையைப் பார்த்தது. சேயாவா ஃபால்ஸ் என்று பெயர் வைத்தார்கள். சுமார் 1 மீட்டருக்கு 60 சென்டிமீட்டர். பார்த்தால் கண் இல்லை, கால் இல்லை. சிவந்த பாறையில் மில்லிமீட்டர் அளவில் வெளிறிய புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்பு விளிம்பு. சிறுத்தைப் புள்ளி என்று அழைத்தார்கள். யாரும் சிவப்பு வட்டம் போடாத படம் இது.

கருவிகள் அந்தப் பாறையில் கரிமச் சேர்மங்களை, அதாவது கார்பன் கொண்ட சேர்மங்களைக் காட்டின. புள்ளிகளில் விவியனைட், கிரைகைட் என்ற இரும்புக் கனிமங்கள் இருப்பதற்கான அறிகுறி கிடைத்தது. பூமியில் விவியனைட் சதுப்பிலும் மக்கும் பொருள்களைச் சுற்றியும் காணப்படுகிறது, கிரைகைட்டைச் சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும். நுண்ணுயிர் சாப்பிட்டு விட்டுப்போன மிச்சம் இப்படி இருக்கலாம். உயிர் இல்லாமலும் இந்த வேதிவினைகள் நடக்கலாம், அதற்குப் பொதுவாகச் சூடு வேண்டும், அந்தப் பாறை அப்படிச் சூடானதற்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு வருடத்துக்கும் மேல் சக விஞ்ஞானிகள் கேள்வி கேட்டுச் சலித்த பிறகு 2025 செப்டம்பர் 10 அன்று நேச்சர் அறிவியல் இதழில் கட்டுரை வந்தது. அதிலும் "உயிர்" என்று எழுதவில்லை, "உயிர்த்தடயமாக இருக்கக்கூடியது" என்றுதான் எழுதினார்கள். உயிர் பற்றிய அறிவிப்புகளை எடைபோட நாசா விஞ்ஞானிகள் வகுத்த அளவுகோலில் ஏழு படிகள் இருக்கின்றன, ஒரு குறி தென்படுவது அதில் முதல் படி மட்டுமே.

அந்தப் பாறையிலிருந்து குடைந்தெடுத்த மாதிரிக்கு சஃபையர் கேன்யன் என்று பெயர். குழாயில் அடைத்தது 2024 ஜூலை 21. இன்னும் செவ்வாயில்தான் இருக்கிறது. பூமியின் ஆய்வகத்துக்கு அது வந்து சேர வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

9. இத்தனைக்கும் பிறகு ஒரு படம் மிஞ்சினால்

மிஞ்சும். மூலம் கிடைத்து, அளவு போட்டு, இரண்டு கண்ணிலும் இருந்து, குப்பையும் இல்லை, எப்படி வந்தது என்றும் புரியவில்லை என்று ஒன்று கையில் நிற்கும். அப்போது அடுத்த பத்துப் பதினைந்து சோல்களின் படங்களை வரிசையாகப் பாருங்கள். ரோவர் அப்படியே கடந்து போயிற்றா, நின்றதா? கையை நீட்டி நெருக்கப் படம் எடுத்ததா, பாறையைச் சுரண்டியதா? டோனட் கல்லுக்கு ஆப்பர்ச்சுனிட்டி நின்றது, சேயாவா ஃபால்ஸுக்கு பெர்செவரன்ஸ் நின்று துளையும் போட்டது. நின்றிருந்தால் அந்தச் சோல் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாறையில் என்ன இருந்தது என்ற அறிக்கை வர மாதங்கள் ஆகலாம், வரும்போது எந்தப் படத்தைப் பற்றி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்கு அனுப்பியவருக்கும் அந்த எண்ணையும் மூலப் படத்தையும் நீங்கள் போட்ட அளவுக் கணக்கையும் அனுப்பிவிடுங்கள். எனக்கு அனுப்பியவர்களில் இரண்டு பேர் இப்போது தாங்களே சோல் எண்ணோடு படம் அனுப்புகிறார்கள்.